சோறு விட்ட நாலாம் நாள் தலைச்சுற்று: உப்பைப் பாருங்கள்

சோறு, பாண் எல்லாம் விட்டு இரண்டு கிழமை இருக்கும் திட்டத்தில் 2 கிலோ குறைந்தது, ஆனால் நாலாம் நாளே தலையிடியும் தலைச்சுற்றும் வந்துவிட்டது, நிறுத்திவிடவா என்று கேட்டிருந்தீர்கள். திட்டத்தை இப்போதே விடத் தேவையில்லை. இதற்குப் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும் குறைந்ததுதான் காரணம்.

சோறு, பாண், இடியப்பத்தை நிறுத்தியதும் இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும். உடம்பில் சேமித்த மாச்சத்தும் கரையும். அதில் ஒரு கிராமுடன் 3 கிராம் அளவு தண்ணீரும் போகும். நீங்கள் சொன்ன 2 கிலோ குறைவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். அதோடு வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் நாளில் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் 3 மணிக்கு நடக்கிறீர்களே, வியர்வையில் இன்னும் உப்புப் போகும். நடையைக் காலை 6 மணிக்கு மாற்றுங்கள்.

இன்றைக்கு இதைச் செய்து பாருங்கள். மீன் சொதியில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒரு கோப்பை குடியுங்கள், பிறகு ஒரு கிளாஸ் தண்ணீர். ஒரு மணித்தியாலத்தில் தலை தெளிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். அப்புறம், சோற்றோடு சொதியையும் சம்பலையும் ஏன் விட்டீர்கள்? தேங்காயில் மாச்சத்துக் குறைவு, தாராளமாகச் சாப்பிடலாம். குரக்கன் புட்டுத்தான் ஆகாது, அதுவும் மாச்சத்துத்தான்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? பிரஷர் குளிசையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உப்பைக் கூட்டாதீர்கள், முதலில் டாக்டரைக் கேளுங்கள். நீரிழிவுக் குளிசையோ ஊசியோ என்றால் தலை சுற்றும்போதே இரத்தத்தில் சீனி அளவைப் பாருங்கள். 70 mg/dL-க்குக் கீழே என்றால் சீனி போட்ட தேத்தண்ணியை உடனே குடித்துவிட்டு, அன்றே டாக்டரிடம் போங்கள்.