ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரட்டும்

எங்கள் ஊர்ப் பழைய வண்டிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் துண்டுச் சீட்டுகளில் வந்த கேள்விகளும், அவற்றுக்கு என் பதில்களும் இவை. என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன: 1979 புல்லட் 350, 1967 ஜாவா 250. முப்பது வருடமாக இரண்டையும் நானேதான் பிரித்து மாட்டுகிறேன். படித்துக் கற்றதைவிடக் கெடுத்துக் கற்றதே அதிகம்.

ஐயா, பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டி கடையில் கிடைக்கிறது. பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. பிறகு எதற்கு இந்த ஐம்பது வருடக் கிழங்கள்?

பயன் என்று பார்த்தால் எதற்கும் இல்லை. வேகம், பிரேக், வெளிச்சம், மைலேஜ் என்று எதை எடுத்தாலும் புது வண்டிதான் மேல். இதை ஒப்புக்கொள்ளாத பழைய வண்டிக்காரரின் பேச்சை நம்பாதீர்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். புது வண்டியில் ஏறினால் மலையைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். என் புல்லட்டில் அது நடக்காது. மூன்றாம் கியரில் இன்ஜின் எப்போது திணறத் தொடங்குகிறது என்று காது கவனிக்க வேண்டும், வளைவுக்கு முன்பே கியரை இறக்க வேண்டும், டிரம் பிரேக் என்பதால் எதிரே வரும் பஸ்ஸை நூறு அடி முன்னதாகவே மனதுக்குள் நிறுத்திவிட வேண்டும். மேலே போய்ச் சேரும்போது தோள் வலிக்கும். ஆனால் அந்த நாற்பது வளைவுகளில் ஒன்றைக்கூட நான் கவனிக்காமல் கடந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் எழுபது வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்து பெட்ரோல் தொட்டியில் கைவைப்பார். "எந்த வருசம்?" என்பார். அடுத்த கால் மணி நேரம் அவருடைய மாமனார் கதை, பெண் பார்க்கப் போன கதை. டீக்குக் காசு கொடுக்க விடமாட்டார்.

புல்லட்டின் அந்த 'தட் தட்' சத்தம் எங்கிருந்து வருகிறது? ஸ்லோவை, அதாவது நின்றபடி ஓடும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தை, குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறதே?

பழைய புல்லட் 350இன் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். அகலத்தைவிட ஓட்டம் நீளம். அதனுடன் இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் சேர்ந்தால் மெதுவாகச் சுற்றினாலும் நின்றுபோகாது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்தால் வினாடிக்கு ஏழரை வெடிப்பு. அவற்றைத் தனித்தனியாகக் காது எண்ண முயல்கிறது. அதுதான் அந்தச் சத்தம்.

600க்குக் குறைத்தால் வினாடிக்கு ஐந்துதான், கேட்க இனிமை. ஆனால் அந்த வண்டிகளின் ஆயில் பம்ப் பலவீனமானது. அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் மேலே வால்வுகளை அசைக்கும் ராக்கர்களுக்குப் போதிய எண்ணெய் ஏறாது. சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பதற்காக ராக்கரைத் தேய்க்காதீர்கள்.

அண்ணா, அப்பா இறந்து பதினொரு வருடமாகிறது. அவருடைய புல்லட் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. எப்படிக் கிளப்புவது? (தஞ்சாவூர்ப் பக்கம், கல்லூரி மாணவர்)

தம்பி, முதல் காரியம்: கிக்கரை மிதிக்காதீர்கள். பதினொரு வருடத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். முரட்டுத்தனமாக உதைத்தால் வளையம் உடையும், இல்லையென்றால் கிக்கர் பல் போகும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து இரண்டு மூன்று ஸ்பூன் உள்ளே விட்டு, ஒரு துணியால் வாயை அடைத்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நான்காம் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசையவில்லையா? இன்னும் எண்ணெய், இன்னும் இரண்டு நாள். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறையில் போர் போடத்தான் (உட்சுவரைக் கடையத்தான்) வேண்டும். அது ஒன்றும் உலகம் இடிந்துபோகிற செலவு அல்ல.

தொட்டியில் இருப்பது இப்போது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். முழுவதும் கொட்டிவிட்டு, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். கார்புரேட்டரின் துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றடித்தால் போதும். ஒயரிங்கை எலி விட்டுவைத்திருக்காது, முழுதாக மாற்றிவிடுங்கள். டயரில் பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும்.

இனி ஒரு எச்சரிக்கை. பழைய புல்லட்டில் ஆயில் தனித் தொட்டியில் இல்லை, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறையில் இருக்கிறது. நெடுநாள் நின்றால் அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் சுற்றும் இடத்துக்கு இறங்கிவிடும். பழைய எண்ணெயை முழுவதும் வடிக்காமல் கிளப்பினால் கொட்டகையே புகையில் மூழ்கும். "ரிங் போச்சு, இன்ஜின் வேலை இருக்கு" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவரை அனுப்பிவிட்டு எண்ணெயை வடியுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து, பொட்டலம் கட்டி, மேலே பெயர் எழுதி வையுங்கள். என் ஜாவாவின் மட்கார்டை முதல்முறை பெயின்டுக்குக் கொடுத்தபோது ஒரு பட்டறையில் வேறு யாருடையதையோ திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பளபளப்பாக இருந்தது. பொருந்தவில்லை. என்னுடையதைத் தேடி காயலான் கடை காயலான் கடையாக எட்டு மாதம் அலைந்தேன்.

சீட்டை மட்டும் உடனே மாற்றாதீர்கள். அப்பா உட்கார்ந்த சீட் அது.

நான் 47 கிலோ. புல்லட்டை உதைத்துக் கிளப்ப முடியாது என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். (திண்டுக்கல், ஆசிரியை)

அம்மா, சிரிக்கிறவர்களை உதைக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து தடவை வெறும் பலத்தால் உதைத்து வியர்வையில் குளிப்பார்கள். இது எடை வேலை அல்ல, இட வேலை. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில், மின்சார ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் எதற்கென்று பலருக்குத் தெரியாது. பாட்டரி மின்சாரத்தில் பொறி எழுப்பும் காயில் இக்னிஷன் உள்ள வண்டிகளில் அதுதான் உங்கள் கண்.

பெட்ரோலைத் திறந்து, சாவியைப் போடுங்கள். முள் கழித்தல் பக்கம் சாய்ந்தால் பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தை விட்டுத் தடுக்கும் சுவிட்ச்) மூடியிருக்கிறது என்று பொருள். கிக்கரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கால் கெட்டியாகத் தடுக்கும். அங்கே பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கிறது. இப்போது இடதுகையால், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் ஒரு விரல்கடை அழுத்துங்கள். முள் நடுவில் நின்றதா? லீவரை விடுங்கள். கிக்கரை முழுதாக மேலே வரவிடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே நீளமான உதை, கடைசிவரை. ஃப்ளைவீலுக்கு ஒரு முழு ஓட்டம் கிடைத்துவிடும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

முள் நடுவுக்கு வராமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் வலது கணுக்காலில் அதன் சாட்சி இருக்கிறது. செருப்போடு கிளப்பவே கூடாது. முள் ஒழுங்காக ஆடாவிட்டால் பாயின்ட் இடைவெளியைப் பாருங்கள்: 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

புல்லட் வெள்ளைக்காரன் வண்டிதானே? அதில் நமக்கென்ன பெருமை?

பிறந்தது இங்கிலாந்தின் ரெடிச்சில். ஆனால் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அங்குள்ள ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் வண்டி தயாரானது. அங்கே ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது, 1970இல் அந்த நிறுவனமே முடிந்துபோனது. திருவொற்றியூரில் மட்டும் அதே வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977இல் இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி தொடங்கியது. பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளையை வளர்த்து, பெற்றவர் வீட்டுக்கே வேலைக்கு அனுப்பியது போல. பெருமையா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வலதுகால் கியர் பழக எவ்வளவு நாளாகும்?

ஒரு வாரம். மறக்க ஒரு நொடி. பழைய புல்லட்டில் கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. தினமும் வேறு வண்டி ஓட்டுகிறவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். முதல் மாதம் காலி மைதானத்தில் ஓட்டுங்கள். குதிகாலால் அழுத்தும் நியூட்ரல் லீவர் ஒன்று உண்டு. இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரில் இருந்தாலும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடலாம். இவ்வளவு நல்ல யோசனையைப் பிறகு ஏன் கைவிட்டார்கள் என்று இன்றுவரை எனக்கு வருத்தம்.

ஜாவா வாங்கலாமா, எஸ்டி வாங்கலாமா? புகை அதிகமா?

இரண்டும் மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்தவைதான். 1961இல் அங்கே தயாரிப்பு தொடங்கியது. எழுபதுகளில் பெயர் எஸ்டி ஆனது. 1996இல் ஆலை மூடப்பட்டது. உதிரிப்பொருள் எஸ்டிக்குச் சுலபமாகக் கிடைக்கும். அழகு ஜாவாவில். ஒரே லீவர்தான் கிக்கரும் கியரும்: உள்ளே தள்ளி மேலே திருப்பினால் கிக்கர், கிளப்பியபின் முன்னால் சாய்த்தால் கியர். கியர் மாற்றும்போது அதுவே கிளட்சையும் விடுவிக்கும், கை தேவையில்லை. சாவி ஓர் ஆணி போல இருக்கும். பூட்டு என்று அதை நம்பாமல் சங்கிலி போடுங்கள்.

புகையைப் பொறுத்தவரை, இவை பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள்; லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் போதும். "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று ஊற்றுகிறவர்கள்தான் தெருவைப் புகையடிக்கிறார்கள். சைலன்சரின் உள்குழாயில் கரி அடைத்தால் வண்டி இழுக்காது. கழற்றி காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஓரிரவு ஊறவையுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

யமஹா ஆர்எக்ஸ் 100 எப்படி?

நல்ல வண்டி. 98 சிசி, 11 குதிரைசக்தி, நூறு கிலோவை ஒட்டிய எடை, பறக்கத்தான் செய்யும். ஆனால் இன்று அதன் விலை வண்டிக்கு அல்ல, ஆசைக்கு. வாங்கும்முன் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம்பரைச் சுற்றிலும் ராவிய தடம் தெரிந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

முழுதாகப் புது பெயின்ட் அடிக்கட்டுமா?

கம்பெனி பெயின்ட் எழுபது சதவீதம் தப்பியிருந்தால் தொடாதீர்கள். மெழுகு போட்டு விடுங்கள். அடிக்கத்தான் வேண்டுமென்றால் கூடுதல் குரோம், கூடுதல் பளபளப்பு வேண்டாம். ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில்கூட அந்த வண்டி அப்படி மின்னியதில்லை. தொட்டியின் தங்கக் கோடுகளைத் திருவொற்றியூரில் கையால்தான் இழுத்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். கோடு இழுக்கத் தெரிந்த கை இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. தேடுங்கள், கேட்டதைக் கொடுங்கள்.

விண்டேஜ் பதிவு செய்தால் லாபமா?

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்த, உருமாற்றாத வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. புது எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. என் ஜாவாவுக்குத் தகுதி உண்டு. நான் போகவில்லை. சந்தைக்கு முருங்கைக்காய் வாங்க அதில்தான் போகிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வழக்கமான பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறேன்.

எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியைத் தின்றுவிடுமா?

மெல்லத் தின்னும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் ஊறி உப்பும், தொட்டி உள்ளே துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்றுங்கள். காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை சற்று மெலிவதால் பிளக் வெள்ளையாக வந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் மூன்றாவது வண்டி வாங்கப்போகிறார். ஏதாவது சொல்லுங்கள் ஐயா. (பெயர் எழுதாத சீட்டு)

முதல் இரண்டும் ஓடுகின்றனவா என்று கேளுங்கள், அம்மா. ஓடவில்லையென்றால் அவர் வாங்கப்போவது வண்டி அல்ல, முதல் வண்டிக்கு உதிரிப்பொருள். ஓடுகின்றன என்றால் என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் இதே கேள்வி போன மாதம் வந்தது. நான் காயலான் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.