காணிக்கையை யார், எங்கே எண்ணுவது?

சகோதரரே, சபையின் முந்தைய பொருளாளர் காணிக்கைப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியே எண்ணினார், புதிய பொருளாளரான நீங்கள் அப்படிச் செய்ய மறுத்தால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. எருசலேம் விசுவாசிகளுக்கான பணத்தை அப்போஸ்தலர் பவுல் ஒரே ஆளின் கையில் விடவில்லை; யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாதென்று கூட ஆட்களை வைத்தார் (2 கொரிந்தியர் 8:18-21). கமிட்டியில் இதைக் காட்டிப் பேசுங்கள், பழையவர் பெயரை எடுக்கவே வேண்டாம்.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே எண்ணுங்கள். உறவினரல்லாத இருவர் வேண்டும். கணவன் மனைவி போதாது. 500 எத்தனை, 200 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை ஆயரிடம் கொடுத்துவிடுங்கள். திங்களன்று முழுத்தொகையும் வங்கிக்குப் போகட்டும். கோளாறு பெரும்பாலும் இங்கேதான் வரும்: பூவுக்கு, கரண்ட் பில்லுக்கு என்று பையிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் எண்ணிய தாளும் வங்கிச் சலானும் ஒத்துப்போகாது. நேர்மையானவர்கூட நிரூபிக்க வழியில்லாமல் நிற்பார். சில்லறைச் செலவுக்கு ஒரு தொகையைக் காசோலை மூலம் எடுத்துத் தனியே வையுங்கள்.

50 ரூபாய் குறைந்தால் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள், தயவுசெய்து. நல்ல மனதோடு செய்தாலும் அது பொய்க்கணக்குதான். குறைவு என்றே எழுதி, அடுத்த கமிட்டியில் சொல்லிவிடுங்கள்.