சீட்டியின் சிவப்பு

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தில் வோலண்டாம் துறைமுகத்தில், என் மகளுக்குக் கூர்முனை வெள்ளைத் தொப்பியும் மரக்காலணியும் அணிவித்துப் படம் எடுத்தார்கள். இது டச்சு தேசிய உடையா, சுற்றுலாவுக்காகப் போடும் வேடமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

தேசிய உடை அல்ல, வேடமும் அல்ல. அந்தத் தொப்பி வோலண்டாம் என்ற மீனவ ஊருக்கு உரியது. பக்கத்து மார்க்கனில் உடை வேறு. நாட்டின் தென்மேற்கில் உள்ள தெற்கு பேவலாண்டில் ஒரு பெண் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்பதை அந்த நாளில் தொப்பியின் வடிவமே சொல்லிவிடும். ஸ்டாப்ஹோர்ஸ்ட் ஊரில் பெண்களின் துக்க உடைக்குப் படிகள் உண்டு. முதலில் கறுப்பு, காலம் செல்லச் செல்ல நீலம், துக்கம் முடிந்த பிறகே சிவப்பு. வீட்டில் யாரை இழந்தாள், எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளிடம் கேட்க வேண்டியதில்லை.

என் மனம் நிற்பது வடக்கு மாநிலமான ஃப்ரீஸ்லாந்தின் ஹிண்டெலோபனில். மாலுமிகளின் ஊர் அது. 18ஆம் நூற்றாண்டில் அங்குள்ள பெண்கள் 'வென்ட்கெ' என்ற நீண்ட மேலங்கி அணிந்தார்கள். அதன் துணி 'சிட்ஸ்', அதாவது நாம் சீட்டி என்று சொல்லும் பூப்போட்ட பருத்தித் துணியேதான். பெயரும் துணியும் இந்தியாவிலிருந்து சென்றவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என நம் சோழமண்டலக் கரை நெடுகத் துணி வாங்கியது.

சீட்டித் துணியின் சிவப்பு எளிதில் வந்ததல்ல. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைப்பார்கள். வரையும்போது கரைசல் பரவாது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதி, சாயவேரில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். நீலத்துக்கு மற்ற இடங்களை எல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்க வேண்டும். துவைத்தாலும் போகாத இந்த நிறத்தை ஐரோப்பியச் சாயக்காரர்களால் நெடுங்காலம் பருத்தியில் ஏற்ற முடியவில்லை. டச்சுப் பெண்கள் விரும்பியதற்கு அதுவே பெரிய காரணம். எழுதிய கைகளின் பெயர் எந்த மேலங்கியிலும் இல்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்த முறை மகளை ஃப்ரீஸ்லாந்தின் தலைநகரான லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சீட்டித் துணிகளின் பெரிய சேகரிப்பு அங்கே இருக்கிறது. அந்தச் சிவப்பு எந்த வேரிலிருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.