சட்டை பட்டாலே எரியும் கை

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் பிரஸ் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நசுங்கி 9 வாரம் ஆகிறது. எலும்பில் போட்ட கம்பியும் எடுத்தாயிற்று. நகம் கருத்திருக்கிறது, காலைக் குளிரில் விரல் மரத்துப்போகிறது, கை வீங்கிப் பளபளக்கிறது, சட்டை பட்டாலே எரிகிறது. நரம்பு செத்துவிட்டது என்கிறது யூடியூப். வலி மாத்திரை போட்டு, கையைத் துணியில் சுற்றியே வைத்திருக்கிறேன். மறுபடி வேலைக்குப் போவேனா?

பதில்: முழுக்கச் செத்த நரம்புக்குச் சட்டை படுவதே தெரியாது. யூடியூபை மூடுங்கள். கருத்த நகம் வளர்ந்து மாற ஆறு மாதம் ஆகும். நசுங்கிய விரல் குளிரில் மரப்பதும் வழக்கம்தான். ஷிஃப்டுக்கு வண்டியில் போகும்போது கையுறை போதும்.

நான் பயப்படுவது அந்த எரிச்சலுக்குத்தான். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிபட்ட கை மட்டும் நிறம் மாறி, சூடாகவோ சில்லென்றோ இருந்து, அதிகம் வியர்த்தால் இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், "சிஆர்பிஎஸ்ஸா பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். காயம் ஆறியும் நரம்பு மண்டலம் வலியை நிறுத்தாத நிலை அது. தள்ளிப்போட்டால் மூட்டுகள் இறுகிவிடும். பிறகு மெஷின் இருக்கட்டும், களி உருண்டை பிசையவே கை மடங்காது.

துணியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். அசைக்காத கைதான் இன்னும் வலிக்கும். மெடிக்கலில் நீங்களே வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை இந்த எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது. வயிற்றையும் கிட்னியையும்தான் கெடுக்கும். புண் முழுக்க ஆறியிருந்தால் முதலில் பஞ்சால் தடவுங்கள். அது பழகியதும் பருத்தித் துணி, பிறகு ஒரு கிண்ணம் கேழ்வரகில் கையைப் புதைத்து மெல்ல அளையுங்கள். ஒவ்வொன்றும் 5 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. விரல் மடக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தரட்டும்.

வேலை விஷயம். சம்பளம் போகிறதே என்று அவசரப்பட்டு "ஃபிட்" சான்று வாங்காதீர்கள். இஎஸ்ஐயில் இருந்தால் தற்காலிக ஊனத்துக்குத் தினச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். வேலைக்குத் தகுதி என்று சொல்லும் அந்தக் கடைசிச் சான்று வாங்கிய அன்றோடு அது நின்றுவிடும். அதற்காக வீட்டிலேயே முடங்கவும் வேண்டாம். நாள் கூடக்கூடத் திரும்புவது கடினம். சூப்பர்வைசரிடம் இப்போதே பேசுங்கள். சான்றில் "லைட் வேலை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது. "வலது கையால் 2 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, பிரஸ் கூடாது, இன்ஸ்பெக்‌ஷன் செய்யலாம்" என்பதுபோல, உங்கள் கைக்கு எது முடியும் என்று டாக்டரையே எழுதச் சொல்லுங்கள்.

பிரஸ்ஸுக்குத் திரும்பும் நாளில், இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் ஓட வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் ஒட்டி, ஒரே கையால் ஓட்டும் மெஷின் என்றால் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.