வேலியும் ஆச்சு, துவரனும் ஆச்சு

கேள்வி: அழகுக்கும் ஆகும், கீரைக்கும் ஆகும் என்று ஆன்லைனில் 'சீ கேல்' விதை வாங்கினேன். முளைக்கவே இல்லை. (நாகர்கோவில்)

பதில்: முளைத்தாலும் நிற்காது. அது ஐரோப்பியக் கடலோரச் செடி. குளிரில் இலை உதிர்த்து உறங்கி, குளிர் விட்டதும் குருத்து விடும். அந்தக் குருத்தைச் சட்டியால் மூடி, வெளிற வைத்துச் சாப்பிடுவார்கள். நம்மூரில் அது உறங்கக் குளிர் ஏது? தவசிக்கீரை வையுங்கள்; ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கும்.

கேள்வி: நர்சரியில் தவசிக்கீரை கேட்டேன். கொடுத்தது அதுதானா? (தக்கலை)

பதில்: இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவந்த பொத்தான் போலப் பூவும், வெள்ளைக் காயும் தொங்கினால் தவசிக்கீரை. மலையாளக் கரையில் வேலிச்சீரை, மதுரச்சீரை என்பார்கள். நெல்லிக் குடும்பம். பூ உதடு போலப் பிளந்திருந்தால் அது தவசு முருங்கை. ஆடாதொடைக் குடும்பம், வேறு செடி.

கேள்வி: தவசிக்கீரைக் கம்பு நட்டால் அழுகுகிறது. ஏன்? (மார்த்தாண்டம்)

பதில்: எந்தக் கம்பு, எந்த மாதம், என்ன மண்? ஒன்றுமே எழுதாமல் 'ஏன்' என்றால் எப்படி? பச்சைத் தண்டு அழுகும். பென்சில் தடிமனில் பாதி முற்றிய கம்பாக, ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். நிழலில் 3, 4 வாரத்தில் வேர் பிடிக்கும். ஜூன் மழை கொட்டும்போது நட்டால் பள்ளத்தில் நீர் தேங்கிக் கம்பு கறுக்கும். மழை சற்று ஓய்ந்ததும் நடலாம், பாத்தியை மேடாக்குங்கள். வேலிக்கு ஓரடி இடைவெளி போதும். தென்னைக்கு அடியில் விழும் அரை நிழல் இதற்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: தவசிக்கீரை வேலி அடியில் மொட்டையாக, மேலே சாய்ந்து கிடக்கிறது. (திருவட்டாறு)

பதில்: வெட்டாததுதான் காரணம். இடுப்பளவுக்கு மேல் விடாதீர்கள்.

கேள்வி: எடை குறைய தவசிக்கீரை இலையைத் தினமும் ஜூஸ் அடித்துக் குடிக்கலாமா? வாட்ஸ்அப்பில் வந்தது. (குலசேகரம்)

பதில்: கூடாது. கூடவே கூடாது. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் இதே கேள்வி வருகிறது. 1994-95 வாக்கில் தைவானில் உடல் இளைக்க என்று இதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டன. பெரும்பாலும் பெண்கள். இருமல், மூச்சிரைப்பு என்று தொடங்கியது. சாற்றை நிறுத்திய பிறகும் பலருக்கு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சிலர் இறந்தார்கள். 'இயற்கைதானே' என்று எழுதாதீர்கள்; அரளியும் இயற்கைதான். மலேசியாவில் காலங்காலமாக இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், அளவோடு. நீங்களும் நன்றாக வேகவைத்து, வாரம் ஒருநாள் இரண்டு நாள் துவரனாகவோ (தேங்காய் போட்ட பொரியல்) பருப்புக் கறியாகவோ ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள். மிக்ஸியில் பச்சையாகப் போடாதீர்கள். ஏற்கெனவே குடித்து மூச்சிரைப்பு இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: கடலிலிருந்து 200 மீட்டரில் வீடு. இலையோரம் கருகுகிறது. (குளச்சல்)

பதில்: உப்புக்காற்று. தவசிக்கீரையைச் சுவருக்குப் பின்னால் மாற்றுங்கள். காற்று நேராக அடிக்கும் பக்கம் லச்சக்கொட்டைக் கீரை மரம் வையுங்கள். எலுமிச்சை நிறத்தில் பெரிய இலை, பார்க்கவும் அழகு. ஐந்தடிக்கு வெட்டிவிட்டால் பறிக்க எட்டும். இதையும் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி: குருத்தில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது.

பதில்: மாவுப்பூச்சி. அந்த நுனிகளை வெட்டி எறியுங்கள். மீதிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து, நன்றாகக் கழுவிப் பறிக்கலாம்.

கேள்வி: தவசிக்கீரைத் துவரன் நார் நாராக வருகிறது.

பதில்: மூத்த தண்டைச் சேர்த்திருப்பீர்கள். நுனியைப் பிடித்து வளைத்தால் 'டக்'கென்று ஒடிகிற இடம்வரைதான் கீரை. அதற்குக் கீழே இலையை மட்டும் உருவிக்கொள்ளுங்கள்.