மழையும் கூடாது, பெரிய அலையும் வேண்டும்: மாலத்தீவுக்கு எந்த மாதம் போகலாம்?

"டிசம்பர் லீவில் சேலத்திலிருந்து மாலத்தீவு போகிறோம், மழை கூடாது, அலைச்சறுக்கும் பார்க்கணும்" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

நான் ஏற்காட்டுக்காரன். மேலே வருகிறவர்கள் எல்லாரும் "சீசன் எப்பங்க?" என்பார்கள். மே மாதம், கோடை விழா நேரம் என்போம். எஸ்டேட் ஆட்களைக் கேட்டால் காப்பிப் பழம் பறிக்கிற மார்கழியைச் சொல்வார்கள். மாலத்தீவிலும் சீசன் யாருக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

அவர்களுக்கு வருடத்தில் இரண்டு பருவம்தான். வடகிழக்குக் காற்று வீசுவது 'இருவை', தென்மேற்குக் காற்று 'ஹுல்ஹங்கு'. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய தீவுக்காரர்கள் வருடத்தை 27 'நகாய்' ஆகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 13, 14 நாள். பெயர்களைக் கேளுங்கள்: அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோனு. நம்ம அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணியேதான்! சேலத்தில் நாம் அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்கிற நாட்களில், அதே கணக்கை வைத்து அவர்கள் காற்றையும் மீனையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். டிசம்பரில் மூலத்தில் மழை குறைந்த இருவை தொடங்கும். ஏப்ரலில் அசுவினியில் மழைக்கால ஹுல்ஹங்கு.

நீங்கள் போகிற டிசம்பர் கடைசியில் வானம் வெளுக்க ஆரம்பித்திருக்கும். பவளப்பாறை மீன் பார்க்க அருமை. அலை மட்டும் சின்னதாகத்தான் இருக்கும். பெரிய அலைகள் பிறப்பது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அங்கே குளிர்காலப் புயல் அடிக்கும்போது. அது நமக்கு மே முதல் அக்டோபர் வரை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து பாறைத்திட்டில் முட்டி எழும். மழை கொண்டுவருகிற அதே தென்மேற்குக் காற்று, கிழக்குப் பக்கத் தீவுகளில் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால், அலை சட்டென்று நொறுங்காமல் நிமிர்ந்து நிற்கும். மழை வேண்டாம், அலை வேண்டும் என்பது அதனால்தான் நடக்காது.

நானும் தம்பியும் போனது ஆகஸ்டில், துலுஸ்தூ தீவுக்கு. அங்கே வலப்பக்கம் உடையும் ஓர் அலைக்கு 'கோக்ஸ்' என்று பெயர், தீவில் கோகோ கோலா ஆலை இருப்பதால். எதிர்த் தீவில் இடப்பக்கம் உடைவது 'சிக்கன்ஸ்', அங்கே கோழிப்பண்ணை இருந்ததாம். இந்த வட்டாரத்தில் அலைச்சறுக்கை ஆரம்பித்து வைத்தவர் டோனி ஹைண்ட் என்ற ஆஸ்திரேலியர். 1973இல் படகு பாறையில் மோதிக் கரையேறியவர், அப்படியே தங்கிவிட்டார்.

தம்பி சென்னை கோவளத்தில் பத்து நாள் பழகிய தைரியத்தில் பலகையோடு இறங்கி, முழங்காலைப் பவளப்பாறையில் கிழித்துக்கொண்டான். அங்கே அடியில் மணல் கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் கோவளத்திலேயே விழுந்து எழுந்துவிட்டுப் போங்கள். மழை? சேர்வராயன் மலையில் மேகம் வந்து உட்கார்ந்தால் மூன்று நாள் எழுந்திருக்காது. மாலத்தீவில் அதைப் பிடித்து வைக்க ஒரு குன்றுகூட இல்லை, நிலமே கடலுக்கு மேல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர்தான். பெரும்பாலும் கொட்டும், ஓடிவிடும், வெயில் வரும். நனைந்தாலும் குளிராது. நான் கொண்டுபோன ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

மாலே நகரத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 1658இல் கட்டிய ஹுகுரு மிஸ்கி என்ற வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் முழுக்கப் பவளக்கல். ஈரத்தில் அறுத்துச் செதுக்கி, சாந்து பூசாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்த சுவர்கள். தாரமங்கலம் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கே அந்தச் செதுக்கல் வேலை திகைப்பாக இருந்தது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வருகிற 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்தத் தீவுகள்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வது அங்கே நிற்கும்போது ஞாபகம் வந்தது. எண்ணிக்கையைத்தான் சோழர் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டார்கள், இருப்பது 1,200க்குள்.

பை கட்டும்போது ஒன்று: வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. எங்கள் அம்மா துணிக்கு நடுவில் சொருகிய சின்னப் பித்தளை முருகனை நல்லவேளை பெங்களூரில் விமானம் ஏறுமுன் பார்த்தோம். நண்பன் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். தட்டுவடைக்குத் தடை இல்லை.