சி லைப்ரரியை பைத்தானில் அழைத்தால் ஏன் விழுகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நில அளவைக் கணக்குகளுக்கு சி மொழியில் எழுதிய பழைய லைப்ரரி ஒன்று இருக்கிறது. எழுதியவர் இப்போது வேலையில் இல்லை. ஹெடர் ஃபைலும், கம்பைல் செய்த .எஸ்ஓ கோப்பும்தான் கையில் உள்ளன. சி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் மாட்யூல் வழியாக அழைக்கிறேன். புள்ளிகளின் எண்ணிக்கை சரியாக வருகிறது. பரப்பளவு கேட்டால் ஏதோ ஒரு முழு எண் வருகிறது. என் லேப்டாப்பில் ஓடுவது சர்வரில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) என்று விழுகிறது. பேசாமல் எல்லாவற்றையும் பைத்தானிலேயே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். பல வருடம் ஓடித் தேறிய கணக்கைத் திருப்பி எழுதினால், அவர் என்றோ திருத்திய பிழைகளை நீங்கள் ஒவ்வொன்றாக மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் லைப்ரரியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நடுவில் நிற்கும் பாலத்தில்தான் கோளாறு.

.எஸ்ஓ கோப்புக்குள் ஃபங்ஷனின் பெயரும் அது இருக்கும் இடமும் இருக்கும். எத்தனை மதிப்புகள் வாங்கும், எந்த வகையில் திருப்பித் தரும் என்ற தகவல் ஹெடர் ஃபைலில்தான் இருக்கிறது. சிடைப்ஸ் அந்த ஹெடரைப் படிப்பதே இல்லை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், திரும்பி வருவது எல்லாமே சாதாரண ‘இன்ட்’ (முழு எண்) என்று எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கை சரியாக வந்ததற்குக் காரணம் அது உண்மையிலேயே இன்ட் என்பதுதான்.

பரப்பளவு ‘டபுள்’, அதாவது தசம எண். இன்றைய இன்டெல், ஏஎம்டி 64 பிட் கணினிகளில் டபுள் ஒரு ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு பெட்டி) திரும்பி வரும், இன்ட் வேறொன்றில். பைத்தான் தவறான பெட்டியைத் திறந்து, அதில் முன்பு கிடந்த குப்பையை எடுத்துக் காட்டுகிறது. அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் வகையைச் சொல்லும் ‘ரெஸ்டைப்’ பண்பில் டபுள் என்று ஒரு வரி எழுதுங்கள், சரியாகிவிடும்.

சர்வரில் விழுவது இதன் அண்ணன். வேலையைத் திறக்கும் ஃபங்ஷன் உங்களுக்கு ஒரு பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை, தருகிறது என்று நினைக்கிறேன். பாயின்டர் 64 பிட், இன்ட் 32 பிட். முகவரியின் மேல் பாதி வெட்டுப்படும். லேப்டாப்பில் முகவரி சிறியதாக அமைந்திருந்தால் வெட்டியும் சேதமில்லாமல் ஓடியிருக்கும், சர்வரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. இங்கே ரெஸ்டைப்பை வாய்ட் பாயின்டர் (வகை குறிப்பிடாத முகவரி) என்று மாற்றிவிட்டு அப்படியே நிறுத்துபவர்கள் அதே பள்ளத்தில் இரண்டாவது முறை விழுவார்கள். திரும்பி வந்த முகவரி பைத்தானுக்கு வெறும் எண். அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது சிடைப்ஸ் அதையும் இன்ட் ஆக்கி மறுபடி வெட்டும். அதனால் ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளின் வகைகளைச் சொல்லும் ‘ஆர்க்டைப்ஸ்’ஸையும் சேர்த்தே எழுதுங்கள். ஹெடரை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் இந்த இரண்டு வரி. அலுப்பான வேலைதான், ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஹெடரில் ‘லாங்’ என்று இருந்தால் கொஞ்சம் கவனம்: 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஊர்ப் பெயர்களைத் தமிழில் அனுப்பப்போகிறீர்கள் என்றால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்க்டைப்ஸ் எழுதாமல் பைத்தான் சரத்தைக் கொடுத்தால் அது ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பைட் எடுக்கும் அகல எழுத்துகளாகப் போகும். பூஜ்ய பைட் வரும்வரை நீளத்தை எண்ணும் சி-யின் ‘ஸ்ட்ர்லென்’னிடம் அப்படி ‘ஆரணி’யைக் கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் 2 என்று சொல்லும், விண்டோஸில் 8. யுடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றிக் கொடுத்தால் 12 வரும், அதுதான் சரி. தமிழில் ஒவ்வொரு யுனிகோட் குறிக்கும் 3 பைட். ‘திருவண்ணாமலை’ கண்ணுக்கு ஏழு எழுத்து, ஆனால் குறிகள் 12, பைட்டுகள் 36. பழைய லைப்ரரிகளில் பெயருக்கு 32 பைட் ஒதுக்கும் பழக்கம் உண்டு. அளவு பார்க்காமல் நகலெடுக்கும் ஃபங்ஷனாக இருந்தால் ஆரணி வரை நன்றாக ஓடி, திருவண்ணாமலையில் பக்கத்து மெமரியை அழித்துவிடும். மூலநிரல் கையில் இல்லாததால், அனுப்பும் முன் பைத்தான் பக்கத்திலேயே பைட் நீளத்தைச் சரிபாருங்கள். சரம் முடிந்ததைக் காட்ட முடிவில் வரும் பூஜ்யத்துக்கும் ஒரு பைட் விடவேண்டும்.

அப்புறம், லைப்ரரி ஒதுக்கிய மெமரியை லைப்ரரியே விடுவிக்கட்டும். ஹெடரில் அதற்கென்று ஒரு ஃபங்ஷன் இருக்கும். பைத்தானின் குப்பை அள்ளும் வண்டி அந்தத் தெருவுக்கு வராது.

வேகம் குறைவாக இருக்கிறது என்று அடுத்து எழுதுவீர்கள். ஒரு லட்சம் புள்ளிகளை லூப் போட்டு ஒவ்வொன்றாக அனுப்பினால், கணக்கை விட எல்லை தாண்டும் செலவுதான் அதிகமாகும். வரிசையாக வாங்கும் ஃபங்ஷன் ஹெடரில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) அரேயை ஒரே அழைப்பில் கொடுத்துவிடலாம்.

பத்துப் பதினைந்து ஃபங்ஷன் வரை சிடைப்ஸ் போதும் என்பது என் கருத்து. 2.5 பதிப்பிலிருந்து பைத்தானோடு கூடவே வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதற்கு மேல் போனால், இதே வேலையைச் செய்யும் சிஎஃப்எஃப்ஐ என்ற லைப்ரரி பக்கம் போங்கள். அதில் ஹெடரின் அறிவிப்புகளை ஏறக்குறைய அப்படியே ஒட்டலாம், வகைகளைக் கையால் மொழிபெயர்க்கும் வேலை மிச்சம். லைப்ரரி சி++ ஆக இருந்திருந்தால் சி++ஐ பைத்தானோடு இணைக்கும் பைபைண்ட்11 பற்றிப் பேசியிருப்பேன், உங்களுக்கு அது தேவையில்லை.

எல்லாம் எழுதிய பிறகும் விழுந்தால், ‘ஃபால்ட்ஹேண்ட்லர்’ மாட்யூலை முதல் வரியிலேயே இயக்கிவிட்டு ஓட்டுங்கள். விழும் நேரத்தில் எந்த பைத்தான் வரியில் நின்றது என்று காட்டும். அந்த வரியையும், அது அழைக்கும் ஃபங்ஷனின் ஹெடர் அறிவிப்பையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.